பழைய மில்லிங் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

லேத் ஒன்றும் டிரில்லிங் மெஷின் ஒன்றும் வைத்துப் பட்டறை ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அடுத்து மில்லிங்தான், அதாவது சுழலும் கட்டரால் இரும்பை வெட்டுகிற மெஷின்தான் என்பார்கள். ஒரு கீவே (ஷாஃப்ட்டில் சாவி உட்காரும் பள்ளம்) வெட்ட, ஒரு பிளேட்டைச் சதுரம் எடுக்க, ஒரு ஸ்லாட் போட என்று ஒவ்வொன்றுக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போய், அவர் கையிலிருக்கும் வேலை முடிகிறவரை காத்திருந்து வாங்கி வருவது எத்தனை நாளைக்கு ஓடும்? கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் வேலை செய்கிற பல தம்பிகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: எந்த மெஷின் வாங்கலாம், புதுசா பழசா, வாங்கினால் எப்படி நிறுத்துவது. போனில் சொல்லிச் சொல்லி மாளவில்லை, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பழைய மெஷினைப் பார்க்கும்போது கண்ணில் படுவதை எல்லாம் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நம் காசில் மாற்ற முடிந்தது ஒரு பக்கம், மாற்ற முடியாதது இன்னொரு பக்கம். மோட்டார், பெல்ட், பேரிங், சுவிட்ச், பெயிண்ட், ஹேண்டில், ஏன் லீட் ஸ்க்ரூ (டேபிளை நகர்த்தும் திருகு) நட் வரைக்கும் முதல் பக்கம். டேபிள், அதைத் தாங்கும் சேடில், இரண்டையும் சுமந்து மேலும் கீழும் போகிற நீ (knee), பின்னால் தூணாக நிற்கும் காலம் (column) ஆகியவற்றின் ஸ்லைடுகள் (ஒன்றன்மேல் ஒன்று உரசி ஓடும் பரப்புகள்), கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் டேப்பர் (டூல் உட்காரும் கூம்புத் துளை), வார்ப்பில் விரிசல் இவை இரண்டாம் பக்கம். விலை பேசுவது முதல் பக்கத்தை வைத்து. வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்வது இரண்டாம் பக்கத்தை வைத்து. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மோட்டார் ஓடவில்லை என்று நல்ல மெஷினை விட்டுவிட்டு, பச்சைப் பெயிண்ட் புதுசாக அடித்த தேய்ந்த மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்த வகை என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. சந்தையில் அதிகம் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று எச்எம்டியின் (இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்) எஃப்என்2 போன்ற கனமான நீ டைப். பெங்களூரில் 1953-ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம், பிறகு ஹரியானாவின் பிஞ்ஜோர் ஆலையில் மில்லிங் மெஷின்களைச் செய்தது. எஃப்என்2 என்ற பெயருக்குப் பின்னால் யூ என்றிருந்தால் யுனிவர்சல், எச் என்றால் ஹாரிசான்டல், வி என்றால் வெர்டிகல். யுனிவர்சலில் டேபிளையே சாய்வாகத் திருப்பலாம், அதனால் ஹெலிக்கல் கியர் வெட்ட அதுதான் வேண்டும். பெங்களூர் பிஎஃப்டபிள்யூ (பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர்) மெஷின்களும் இதே தரத்தில் பழைய சந்தைக்கு வருகின்றன. பெரிய கம்பெனிகள் விஎம்சிக்கு (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) மாறியதும் இவையெல்லாம் வெளியே வந்துவிட்டன. இரும்பு என்றால் அது இரும்பு. அந்தக் காலத்து வார்ப்பின் கனத்தை இன்றைக்குக் குறைந்த விலை மெஷினில் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று டரட் மில்லிங், நம் ஊரில் எம்1டிஆர் என்று சொல்கிற வகை. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் 1938-ல் வந்த வடிவமைப்பின் வழியில் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். மேலே ராம் (ஹெட்டைத் தாங்கும் கை) முன்னும் பின்னும் போகும், ஸ்பிண்டில் இருக்கும் ஹெட் இருபக்கமும் சாயும், குவில் (ஸ்பிண்டிலைச் சுமக்கும் உருளை) இறங்கும், டிரில் போடலாம், போர் பண்ணலாம். ஜிக், ஃபிக்ஸ்சர், டை வேலை, ஒன்று இரண்டாக வருகிற ஜாப் எல்லாம் செய்கிற சின்னப் பட்டறைக்கு இதுதான் வசதி. ஆனால் கனமான வெட்டுக்கு இது தாங்காது. பத்து மில்லி ஆழம் ஒரே தடவையில் எடுக்க நினைப்பவர் எஃப்என்2 பக்கம் போகட்டும். புதுசு என்றால் பஞ்சாப், குஜராத் பக்கத்திலிருந்து வருகிற டரட் மெஷின்கள் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. அவற்றில் மெஷினுக்கு மெஷின் தரம் மாறும், எனவே கேட்டலாக்கைப் பார்த்து வாங்காமல் நேரில் போய் அந்த ஒரு மெஷினையே டயல் (நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

சரி, பழைய மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். கையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு டயல் இண்டிகேட்டர், மேக்னடிக் பேஸ், டார்ச், வேஸ்ட் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய். இவ்வளவு போதும்.

முதலில் ஸ்லைடுகளைத் துடையுங்கள். நல்ல மெஷினில் ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமப்படுத்துவது) செய்த பிறை பிறையான தடம் ஸ்லைடில் தெரியும். டேபிளைக் கடைசி வரைக்கும் ஓட்டி, இதுவரை வெளியே தெரியாத இடத்தையும் நடுவில் தினமும் தேய்ந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரத்தில் பிறைகள் தெளிவாக இருந்து நடுவில் வழவழவென்று மழுங்கியிருந்தால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரு முனையிலும் ஒரே மாதிரி மங்கிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள், யாரோ எமரி தாள் போட்டுத் தேய்த்திருக்கலாம்.

அடுத்தது ஹேண்டில் சோதனை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. டேபிளை நடுவுக்குக் கொண்டுவந்து, டேபிளில் ஆட்டம் போகிற அளவுக்கு கிப்பை (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் பட்டை) இறுக்கிக்கொள்ளுங்கள், ஹேண்டில் லேசாகச் சுற்ற வேண்டும். பிறகு அதே இறுக்கத்தில் ஒரு முனைவரை ஓட்டுங்கள். கடைசிக்குப் போகப் போக ஹேண்டில் கனக்கிறதா? கனத்தால், நடுவில் ஸ்லைடு தேய்ந்து குறுகிவிட்டது, ஓரம் பழைய அளவிலேயே இருக்கிறது. அந்தக் கனம் எவ்வளவு அதிகமோ தேய்மானமும் அவ்வளவு. கிப்பை எப்படித் திருகினாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் நடுவுக்குச் சரி செய்தால் ஓரத்தில் பிடிக்கும், ஓரத்துக்குச் சரி செய்தால் நடுவில் ஆடும். ரீஸ்கிரேப்பிங் பண்ணலாம்தான், ஆனால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற கைகள் இப்போது குறைவு, கேட்கிற கூலியில் இன்னொரு மெஷின் வந்துவிடும்.

பேக்லாஷை, அதாவது திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் ப்ளேயை வைத்துப் பயமுறுத்துவார்கள். டேபிளுக்கு டயல் வைத்து, ஒரு பக்கம் சுற்றி நிறுத்தி, எதிர்ப்பக்கம் சுற்றும்போது டேபிள் நகரத் தொடங்குவதற்குள் ஹேண்டில் டயலில் எத்தனை கோடு போகிறது என்று எண்ணுங்கள். பழைய மெஷினில் கால் மில்லி, அரை மில்லி ப்ளே சகஜம். கன்மெட்டல் நட்தான் தேய்ந்திருக்கும், லேத் வைத்திருக்கிற நமக்கு அதை வெட்டிக்கொள்வது பெரிய காரியமில்லை. ஆனால் இதையே நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஸ்க்ரூவே நடுவில் தேய்ந்திருக்கிறது, அதை விலையில் கழிக்க வேண்டும்.

ஸ்பிண்டில் டேப்பரை விரலால் தடவிப் பாருங்கள், பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்பர் (கட்டர் மாட்டும் தண்டு) சுழன்று அரைத்த தடம், பிசிறு, துரு இருக்கக் கூடாது. டயலின் முனையை டேப்பருக்குள்ளேயே வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் மில்லியில் நூற்றில் ஒன்று, இரண்டுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பேரிங்கா டேப்பரா என்று பிரித்தறிய வேண்டும்: ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்கும்போது டயல் ஆடினால் பேரிங், ஆடாமல் சுற்றும்போது மட்டும் காட்டினால் டேப்பர் அடிபட்டிருக்கிறது. பேரிங் என்றால் மாற்றலாம். கடைசியாக மெஷினை அதிக வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு ஸ்பிண்டில் மூக்கில் கை வையுங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது. எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சத்தம் கேளுங்கள். கரண்ட் இணைப்பு இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்று விற்பவர் சொன்னால், ஓடாத மெஷின் விலைதான் தர முடியும் என்று நேராகச் சொல்லிவிடலாம், அதில் கூச்சம் ஒன்றும் வேண்டாம்.

டேப்பர் எது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 40 என்றால் டூல் ஹோல்டர் எங்கும் கிடைக்கும். டரட் மெஷினில் ஆர்8 இருக்கலாம், ஐஎஸ்ஓ 30-ம் இருக்கலாம். டிராபார் (டூல் ஹோல்டரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட்) மரையைக் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 40-ல் எம்16-ம் உண்டு, பழைய மெஷினில் 5/8 இஞ்சும் உண்டு; ஆர்8-க்கு 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. பில் போட்டு வாங்குங்கள், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கட்டிய வரியை வரவு எடுக்கலாம், நாளைக்கு வங்கியில் கடன் கேட்கவும் அந்த பில் வேண்டும்.

இன்னொன்று. கையில் இருக்கிற பணத்தை முழுக்க மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். நல்ல வைஸ், காலெட் (கட்டரைப் பிடிக்கும் புஷ்) செட், எண்ட் மில் (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் கட்டர்), பேரலல் (ஜாபுக்கு அடியில் வைக்கும் சம உயரக் கட்டை) ஜோடிகள், கிளாம்ப் செட், டயல் இதெல்லாம் சேர்ந்தால்தான் அது மில்லிங். வெறும் மெஷினை வாங்கி வைத்துவிட்டு ஆறு மாதம் டூலுக்குப் பணம் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கொண்டுவருவது தனிக்கதை. டரட் மெஷின் ஒரு டன் அளவுக்கு வரும், எஃப்என்2 அதைவிட எவ்வளவோ கனம். டரட் மெஷினுக்குத் தலைதான் பாரம், லேசாகச் சாய்ந்தாலும் கவிழும். அதனால் ஏற்றுவதற்கு முன் நீயைக் கீழே இறக்கி, டேபிளை நடுவில் நிறுத்தி எல்லா லாக்கையும் போட்டு, ராமைப் பின்னுக்கு இழுத்து, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி, டேபிளுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து அதன்மேல் உட்காரவைக்க வேண்டும். ஹெட் போல்ட்டைத் தளர்த்தும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், மோட்டார் கனத்தில் சடாரென்று சுழலும். கிரேனில் தூக்கும் பெல்ட் ராமுக்கு அடியில் போக வேண்டும். லீட் ஸ்க்ரூவிலோ ஹேண்டிலிலோ டேபிளின் ஓரத்திலோ கயிறு படவே கூடாது. கிரேன்காரர் அவசரப்படுத்துவார். கேட்காதீர்கள், முதலில் நான்கு விரற்கடை தூக்கி நிறுத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, இறக்கி பெல்ட்டை மாற்றிப் போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். பட்டறைக்குள் கிரேன் வராது, அங்கே பைப் உருளையும் கடப்பாரையும்தான். ஷட்டர் உயரத்தை முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

தரை ஆறு அங்குல கான்கிரீட்டாவது இருக்கட்டும், இரண்டு வார்ப்பு சேரும் கோட்டின்மேல் மெஷின் உட்காரக் கூடாது. சுவரிலிருந்து டேபிள் முழுசாக ஓடும் இடம் விட்டு, அதற்கு மேல் ஒரு ஆள் போய் எண்ணெய் விடுகிற இடமும் விடுங்கள். லெவல் பார்க்க மேஸ்திரியின் ரசமட்டம் உதவாது, ஒரு மீட்டருக்கு 0.02 மில்லி காட்டுகிற மெஷின் லெவல் வேண்டும், வாங்க முடியாவிட்டால் தெரிந்த மெஷின் பிட்டரிடம் இரவல் கேளுங்கள். டேபிளில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். லேத்துக்கு லெவல் தப்பினால் பெட் முறுக்கிக்கொண்டு ஜாபில் டேப்பர் (ஒரு முனை பெருத்து, மறுமுனை சிறுத்து) விழும், மில்லிங்குக்கு அந்த அளவு கண்டிப்பு இல்லை. முக்கியமானது நான்கு காலிலும் பாரம் சமமாக இறங்குவது. ஒரு காலில் பாரம் இல்லாமல் நின்றால் கனமான வெட்டில் மெஷின் அதிரும், ஜாபின் மேல் அலை அலையாகச் சாட்டர் தடம் விழும், நீங்கள் கட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று ஃபேஸ் மெஷினுக்கு பாடியில் இரண்டு தனித்தனி எர்த் கட்டாயம். ஃபேஸ் மாறியிருந்தால் ஸ்பிண்டில் எதிராகச் சுற்றும், கூலன்ட் பம்ப்பும் தண்ணீர் தள்ளாது, எனவே கட்டர் மாட்டாமலேயே முதல் தடவை ஓட்டிப் பாருங்கள். ஒற்றை ஃபேஸ் இணைப்பு மட்டும் உள்ளவர்கள் விஎஃப்டி (ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் பெட்டி) போட்டு ஓட்டலாம். ஆனால் நம் ஊர்ச் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியவை (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் வைண்டிங்கை இணைக்கும் இரண்டு முறைகள்). ஒற்றை ஃபேஸ் விஎஃப்டி தருவது 230 வோல்ட் அளவுதான், அதற்கு டெல்டாவில் மாற்ற வேண்டும். ஆறு ஒயரும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருந்தால் பட்டையை மாற்றிப் போட்டால் போதும், மூன்றுதான் வந்திருக்கிறது என்றால் வைண்டிங் கடைக்காரர் உள்ளே இருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுத்துத் தருவார்.

இனி ஹெட்டை நேராக்குவது. டரட் மெஷினில் இதைச் செய்யாமல் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது. டேபிளை ஆயில் கல்லால் லேசாகத் தடவிப் பிசிறெல்லாம் எடுத்துத் துடையுங்கள். ஸ்பிண்டிலில் ஒரு வளைந்த கம்பி வைத்து, அதன் நுனியில் டயலைப் பிடித்து, மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி டேபிளைத் தொடும்படி வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, இடது கடைசியில் ஒரு அளவு, வலது கடைசியில் ஒரு அளவு எடுங்கள். டி ஸ்லாட்டைத் தாண்டும்போது டயல் முனை உள்ளே விழாமல் விரலால் தூக்கிவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை மட்டும் ஹெட்டைச் சாய்த்துச் சரிசெய்து மறுபடி பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போது அளவு மாறும். நான்கு போல்ட்டையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு இறுக்கத்துக்கும் டயலைப் பார்த்துக்கொண்டே வந்தால் நூற்றில் இரண்டுக்குள் நிறுத்தலாம். பிறகு முன்பின் திசைக்கும் இதே மாதிரி. சரியாக வந்ததா என்று வெட்டியும் பார்க்கலாம்: ஃபேஸ் கட்டரில் ஒரு அலுமினியத் துண்டை ஒரு தடவை ஓட்டினால் கட்டர் தடம் முன்னாலும் பின்னாலும் வெட்டி குறுக்கும் நெடுக்குமாக விழ வேண்டும். ஒரே பக்கமாக வளைந்த கோடுகள் மட்டும் தெரிந்தால் ஹெட் இன்னும் சாய்ந்திருக்கிறது, ஜாபின் நடுவும் லேசாகக் குழிந்திருக்கும்.

வைஸின் நிலையான தாடையில் டயலைத் தொடவைத்து டேபிளை ஓட்டி அதையும் நூற்றில் ஒன்றுக்கு நேராக்குங்கள். முதல் வேலையாக ஒரு இரும்புக் கட்டியை ஆறு பக்கமும் சதுரமாக எடுத்துப் பாருங்கள். முதல் முகத்தை வெட்டிய பிறகு அந்த முகத்தை நிலையான தாடையில் சாய்த்து, நகரும் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவில் ஒரு உருண்டைக் கம்பியைக் கிடைமட்டமாக வைத்து இறுக்குங்கள். அந்தப் பக்கம் கரடுமுரடாக இருந்தாலும் கம்பி ஒரே கோட்டில்தான் அழுத்தும், வெட்டிய முகம் தாடையோடு முழுசாக ஒட்டிக்கொள்ளும். ரைட் ஆங்கிளில் (மூலைமட்டம்) வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரியக் கூடாது. ஐடிஐ மிஷினிஸ்ட் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற இந்த ஒரு வேலையைத் தப்பில்லாமல் முடித்துவிட்டால் உங்கள் மெஷின், வைஸ், ஹெட் மூன்றும் சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) கட்டர், மைல்ட் ஸ்டீல் என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 12 மில்லி எண்ட் மில்லுக்கு சுமார் 660 சுற்று வரும். ஒரு பல்லுக்கு 0.05 மில்லி ஃபீட் என்றால் நான்கு பல்லுக்கு நிமிடத்துக்கு 130 மில்லி. பேக்லாஷ் உள்ள பழைய மெஷினில் அப் மில்லிங் (கட்டர் பல் போகிற திசைக்கு எதிராக ஜாபை ஓட்டுவது) மட்டும் செய்யுங்கள். டவுன் மில்லிங்கில் (பல் போகிற திசையிலேயே ஓட்டுவது) கட்டரே டேபிளைத் தன் பக்கம் இழுக்கும், ப்ளே இருக்கிற அளவுக்கு ஜாப் திடீரென்று பாயும், எண்ட் மில் முறியும், சில நேரம் ஜாபே பறக்கும். டிஆர்ஓ (டேபிளின் நகர்வை எண்ணில் காட்டும் டிஜிட்டல் கருவி) மாட்டினால் பேக்லாஷ் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது டேபிள் நிற்கிற இடத்தைச் சரியாகக் காட்டும், அளவு எடுப்பதற்கு அருமையான சாமான், நான் பவர் ஃபீடுக்கு (டேபிளை மோட்டாரால் ஓட்டும் சாதனம்) முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் கட்டர் இழுக்கும் இழுப்பை அது தடுக்காது.

புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கையுறை போட்டுக்கொண்டு ஓடும் கட்டர் பக்கம் போகக் கூடாது, சில்லை (வெட்டும்போது விழும் இரும்புச் சீவல்) பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும், டிராபாரில் ஸ்பேனரை விட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தவே கூடாது. இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். விரல் போனால் போனதுதான்.

மெஷின் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் மறுபடி லெவல் பாருங்கள், கால் போல்ட்டுகள் இறங்கியிருக்கும். ஸ்லைடுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் தினமும் காலையில். பழைய மெஷின்களில் எண்ணெய் போகிற குழாய் பலவற்றில் அடைத்திருக்கும், பம்ப்பை அடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஸ்லைடிலும் எண்ணெய் கசிந்து வெளியே வருகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள், வராத இடத்தில் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயும் காற்றும் அடித்துத் திறந்துவிடுங்கள். இதெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு டிவைடிங் ஹெட் (ஜாபைச் சம பாகங்களாகத் திருப்பித் தரும் சாதனம்) வாங்கலாம். 40-க்கு 1 வகைதான் (கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று) எங்கும் கிடைக்கும், 24 பல் வெட்ட ஒரு முழுச் சுற்றும் 15 துளை வட்டத்தில் 10 துளையும். கியர் வேலை எடுக்கத் தொடங்கினால் கட்டர் செட், இண்டெக்சிங் எல்லாம் சேர்ந்து அதுவே பெரிய விஷயம், அதைத் தனியாக எழுதுகிறேன்.